வன்னியில் சாப்பாட்டுப் பயணம்: போனவர்களும் சமைத்தவர்களும்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து:

போன மார்கழிக் கடைசியில் எட்டுப் பேர் ஒரு வானில் இலங்கையின் வடக்கே இருக்கிற வன்னிக்குப் போனோம். கூட்டிக்கொண்டு போனவர் சாப்பாட்டைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர். புறப்படும்போதே, "யாழ்ப்பாணத்துக் கூழும் நண்டுக் கறியும் தேடுகிற ஆட்கள் இப்பவே இறங்கலாம்" என்றார். யாரும் இறங்கவில்லை.

முறிகண்டியில் நின்றோம். அங்கே நிற்காத வாகனம் ஏ9 வீதியில் ஏது? பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, மணலில் வறுத்த கச்சான் (நிலக்கடலை) வாங்கினோம். பரந்தனில் திரும்புவதற்குள் வான் முழுக்கக் கோது.

முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அந்த அக்கா எங்களுக்கென்று ஃப்ரைட் ரைஸும் கோழிப் பொரியலும் செய்து, பக்கத்தில் சோஸ் போத்தலும் வைத்திருந்தார். எங்களுக்கு உள்ளுக்குள் ஏமாற்றம். எழுத்தாளர் முகம் சுளிக்கவில்லை, எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கோப்பை கழுவுகிற சாட்டில் குசினிக்குள் போய், "அக்கா, நீங்கள் இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

மூடியிருந்த சட்டியில் ஜப்பான் மீன் குழம்பு. குளத்துத் திலாப்பியாவுக்கு அங்கே அதுதான் பெயர். உப்பும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவினால்தான் சேற்று மணம் போகுமாம். பக்கத்தில் முசுட்டை இலை வறை. அந்த இலையின் பின்பக்கம் வெள்ளிபோல மினுங்கும். ஏழெட்டு இலையை ஒன்றாகச் சுருட்டி, புகையிலை அரிவதுபோல நூல் நூலாக அரிந்து காட்டினார். சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கி, இலையைப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இரண்டு பிரட்டு. அவ்வளவுதான். சிவப்பரிசிச் சோற்றோடு நான் மூன்று தரம் வாங்கினேன். "இது ஆட்களுக்குக் குடுக்கிற சாப்பாடே, பிள்ளை?" என்று அக்கா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒட்டுசுட்டானிலிருந்து, சமைக்கிற பக்கம்:

வெள்ளவத்தைத் தங்கச்சி, அந்த முள்ளியவளை அக்கா ஏன் ஃப்ரைட் ரைஸ் வைத்தார் என்று எனக்கு விளங்கும். குளத்து மீனையும் வேலி இலையையும் வைத்தால் இல்லாத வீடு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். போர்க்கால இடப்பெயர்வு முழுக்க இலை தின்ற சனம் நாங்கள். அதை விருந்தென்று வைக்கக் கை வராது.

என் கதை வேறு. எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டு ஒரு பயண நிறுவனம் பதினாலு பேரைக் கொண்டுவந்து இறக்கியது. ஆளுக்கு அரைச் சுண்டு கணக்கில் நாலு சுண்டு அரிசி போட்டு, வடித்தும் முடித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கித் திரும்ப உலை வைத்தேன். கூட்டிவந்த எழுத்தாளர் ஒரு பெண். ஒன்றும் சொல்லாமல் வந்து திருவலையில் குந்தி ஆறு தேங்காய் திருவினார். அந்த ஒன்றுக்காகத்தான் கோபத்தை அடக்கினேன். காசு எட்டுப் பேருக்குத்தான் வந்தது, மிச்சத்துக்கு இரண்டு மாதம் போன் எடுத்தேன். சின்னக் குழு என்றால் சின்னக் குழுவாக வரவேணும். என் பானை பெருக்காது.

புதுக்குடியிருப்பிலிருந்து:

இது மே மாதம் நடந்தது. போர் முடிந்த 18ஆம் திகதிக்கு முந்தின நாட்களில் இங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, வீதியோரம் நின்று போகிற வருகிற எல்லாருக்கும் சிரட்டையில் கொடுப்போம். அரிசி, தண்ணீர், உப்பு, வேறொன்றும் இல்லை. 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்கால் கடற்கரைத் துண்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது வரிசையில் நின்று வாங்கியது அதுதான்.

சாப்பாட்டுப் பயணம் வந்த வானில் இருந்து இறங்கிய ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தேங்காய்ப்பால் விட்டால் இன்னும் நல்லாயிருக்கும்" என்றார். தெரியாமல் சொன்னதுதான். ஆனால் ஊற்றிக்கொண்டிருந்த பெடியனுக்கு முகம் கறுத்துவிட்டது. கூட வந்த எழுத்தாளர் அவரை வேலியோரம் கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் கதைத்தார். என்ன சொன்னாரோ, அந்த மனிதர் திரும்பி வந்து சிரட்டையை நீட்டி இன்னொரு தரம் வாங்கினார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் போனைப் பைக்குள் வைத்தார்கள்.

பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி அந்த எழுத்தாளர் எழுதியதை வாசித்தேன். நந்திக்கடல் இறால் இருந்தது, எருமைத் தயிர் இருந்தது. கஞ்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. மரியாதைக்காக விட்டிருப்பார், சரி. எனக்கென்றால் எழுதியிருக்கலாம் என்றுதான் படுகிறது.

கிளிநொச்சியிலிருந்து, வான் ஓட்டுகிறவன்:

கதை பாரமாகப் போகிறது. நான் பாலைப்பழத்துக்கு வருகிறேன்.

ஆனி மாதம் ஒரு குழுவை ஏற்றிப் போனேன். வழியில் பாலைப்பழம் பேணிக் கணக்கில் விற்றார்கள். வேப்பம்பழ அளவு, மஞ்சள் நிறம், தேன் மாதிரி இனிப்பு. ஆனால் பால் பிடிக்கும், கனக்கத் தின்றால் சொண்டு இரண்டும் ஒட்டிவிடும். எழுத்தாளர் முதலே எச்சரித்தார். கனடாவில் இருந்து வந்த ஐயா ஒருவர், "நான் இதைத் தின்று வளர்ந்தவன் தம்பி" என்று ஒரு பேணியைத் தனியாக முடித்தார். பிறகு மரத்தையே பார்க்கவேணும், காட்டுக்குள் விடு என்று அடம்.

"பழக் காலத்தில் கரடியும் அந்த மரத்துக்குத்தான் வரும் ஐயா" என்றேன். கதவைப் பிடித்த கையை மெல்ல எடுத்தார். மாங்குளம் வரைக்கும் ஒரு சொல் பேசவில்லை. கரடிப் பயமா, பழப் பாலா, நான் கேட்கவில்லை.