புதுப்பிப்பு: மார்ச் தொடக்கத்தில் சாக்கடல், போய் வந்த பிறகு

மார்ச் முதல் வாரத்தில் ஜோர்தான் பக்கத்துச் சாக்கடலில் இறங்கிக் குளிக்க முடியுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன்; இப்போது என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். முடியும். பெயரில் கடல் என்றாலும் உண்மையில் உப்பேரியான அதன் கரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 430 மீட்டர் தாழ்வில் இருப்பதால், தலைநகர் அம்மானில் கம்பளிச் சட்டை தேவைப்பட்ட அதே நாளில், சாக்கடல் கரையிலுள்ள ஸ்வெய்மே விடுதிப் பகுதியில் மெல்லிய ஆடையே போதுமானதாக இருந்தது. தண்ணீர் முதலில் சில்லென்றிருந்தாலும் சில நிமிடங்களில் பழகிவிட்டது.

கடல்நீரைவிடப் பத்து மடங்கு வரை உப்பு மிகுந்த அந்த நீரில் மிதப்பது எளிது; மீண்டும் எழுந்து நிற்பதுதான் கடினம் என்பதால், முழங்கால்களை மடக்கி, குதிகால்களை மெதுவாகக் கீழே அழுத்தும் முறையை முன்பே பழகிக்கொள்ளுங்கள். குப்புற நீந்தவே கூடாது. கண்ணில் ஒரு துளி பட்டாலும் எரிச்சல் கடுமையாக இருக்கும். உப்புப் படிகங்கள் காலைக் கிழிக்கும் என்பதால் ரப்பர் செருப்பு அவசியம்.

சாக்கடலருகே உள்ள வாதி முஜிப் பள்ளத்தாக்கின் நீர்வழி நடைப்பாதை, வெள்ள அபாயம் காரணமாக, ஏப்ரலில்தான் திறக்கப்படும். அதற்காகவே செல்பவர்கள் பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

என்னை மிகவும் வருத்தியது கரையின் நிலைதான். ஜோர்தான் ஆற்று நீர் திருப்பப்படுவதாலும், கனிமங்களுக்காக ஏரிநீர் ஆவியாக்கப்படுவதாலும், நீர்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்குகிறது; முன்பு நீர் நின்ற உயரத்தைக் காட்டும் வரிகள் கரைச்சரிவில் படிப்படியாகத் தெரிகின்றன.