உட்கார வைத்துப் பேசினோம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கரூர்க்காரி:
அப்பா குடியை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. மாமா, சித்தப்பா, அத்தை, அண்ணன் என்று பதினொரு பேர் கூடத்தில். போதை இல்லாத நேரத்தில் பேச வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே அப்பாவை நடுவில் உட்கார வைத்தோம். நான் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். என் கல்யாணத்தன்று மண்டபத்து மாடியில் அவர் விழுந்து கிடந்ததில் தொடங்கி வாசிக்கிறேன். அப்பா காபி டம்ளரை எடுக்கிறார், கை ஆடுகிறது, வேட்டியெல்லாம் காபி. அம்மா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், டம்ளரை அவர் வாயருகே பிடித்துக்கொண்டார். "காரியத்தைக் கெடுக்காதேம்மா, உட்காரு" என்று கத்தினேன். பயத்தில்தான் கை ஆடுகிறது என்று நினைத்தேன். குடி இறங்கினால் அப்படித்தான் நடுங்கும் என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மாவுக்கு அது இருபது வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

தஞ்சை மைந்தன்:
தப்பாக நினைக்க வேண்டாம் சகோதரி, பதினொரு பேர் சுற்றி உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து. எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் பேசினோம். தம்பி கோயிலில் மூன்று மாதத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டான். சொன்னபடி தொடவே இல்லை. கெடு முடிந்த அன்று கயிற்றை அவிழ்த்துவிட்டு, பகல் பன்னிரண்டுக்கு டாஸ்மாக் திறக்கும்போது முதல் ஆளாக நின்றான், நெற்றி நிறைய விபூதியோடு. எதிரே பைக்கில் இருந்த என்னைப் பார்த்து, "கணக்கு முடிஞ்சுதுண்ணே" என்றான். கெடு வைத்தது நாங்கள்தான். அதற்கப்புறம் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை.

வளர்மதி:
கயிறு கட்டியது தப்பில்லை தம்பி. அந்த மூன்று மாதத்துக்குள் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம்.
என் கதை சின்னது. குடியை நிறுத்தும் என்று உறவுக்காரர் ஒருவர் கொடுத்த டைசல்பிராம் மாத்திரையை என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்தேன். அன்றும் குடித்தார். முகமெல்லாம் சிவந்து, வாந்தி, மூச்சுத் திணறல். ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு "எனக்கு என்ன ஆகுது வளரு?" என்று கேட்டார். இன்றுவரை நான் சொல்லவில்லை.
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். டைசல்பிராம் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உடம்பு இப்படித்தான் ஆகும்; குடிக்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தினமும் குடிக்கிறவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள், உயிரே போகலாம். பேச உட்காரும் முன்பே ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு வையுங்கள். "சரி" என்று சொன்ன அன்றே கூட்டிப் போக வேண்டும், மறுநாள் அந்த மனசு இருக்காது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14446க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. குடித்திருக்கும்போது மட்டும் எதையும் பேசாதீர்கள், அவருக்குக் காலையில் ஒன்றும் நினைவிருக்காது.

கரூர்க்காரி:
பஞ்சாயத்து என்றது சுட்டது அண்ணா, ஆனால் உண்மை. நான் எழுதியதில் பாதிகூட வாசிக்கவில்லை. அம்மா "நானும் கூட வந்து தங்குறேன்" என்ற பிறகுதான் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.
வளர்மதி அக்கா, ரசத்தில் கலந்ததை அவரிடம் சொல்லிவிடுங்களேன்.