உடற்பயிற்சி, உடல்நலம் பற்றி ஸ்பானிஷில் பேசக் கற்பது எப்படி?

துரியாக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கணவரின் பணி மாற்றத்தால் ஸ்பெயினின் வலென்சியா நகருக்குக் குடிவந்திருக்கிறோம். சென்னையிலேயே ஸ்பானிஷின் தொடக்க நிலையான ஏ1-ஐ முடித்துவிட்டதால் கடையில் பொருள் வாங்குவது, வழி கேட்பது, குடும்பத்தைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்வது ஆகியவற்றில் சிரமம் இல்லை. ஆனால் இந்த ஊரில் பேச்சு தொடங்கும் இடமே வேறாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டு, வறண்ட பழைய படுகையை நீண்ட பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். மாலையானால் ஊரில் பாதி அங்கேதான் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அம்மையார் என்னையும் தம் ஓட்டக் குழுவில் சேரும்படி அழைக்கிறார். நகராட்சி விளையாட்டு மையத்தில் உடற்பயிற்சி வகுப்பிலும் சேர்ந்திருக்கிறேன்.

வகுப்பில் பயிற்றுநர் சொல்வது எனக்குப் பிடிபடுவதில்லை. மற்றவர்கள் குனிந்த பிறகு நான் குனிகிறேன். ஓடி முடித்தபின் நின்று பேசும்போது, முழங்காலில் வலி இருக்கிறது என்றோ, எவ்வளவு காலமாக நடைப்பயிற்சி செய்கிறேன் என்றோ சொல்ல வாய் வருவதில்லை. உடலுறுப்புகளின் பெயர்களையும் விளையாட்டுகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனாலும் அவை வாக்கியமாக மாற மறுக்கின்றன. இந்தத் துறைக்கென்று எந்த வரிசையில் படிப்பது நல்லது? யூடியூபில் கிடைக்கும் பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலானவை மெக்சிகோவிலிருந்து வருகின்றன. அவற்றைப் பார்த்துப் படிப்பதில் பிழை உண்டா?

இலக்கணப்பிரியன்:

வணக்கம் அம்மா. பெயர்ச்சொற்களை இத்தோடு நிறுத்திவிட்டு மூன்று வாக்கிய அமைப்புகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டு தமிழ் பேசுபவருக்கு ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலாவது வலி. "மே துவேலே லா ரொதீயா" என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் "எனக்கு வலிக்கிறது முழங்கால்" என்று வரும். நாம் "என் முழங்கால் வலிக்கிறது" என்பதைவிட "எனக்கு முழங்கால் வலிக்கிறது" என்றுதானே இயல்பாகச் சொல்கிறோம்? ஸ்பானிஷும் அப்படித்தான், உறுப்புக்கு முன் "என்" வருவதில்லை. ஆங்கில வழியாக ஸ்பானிஷ் படித்தவர்கள் "மி ரொதீயா" என்று தொடங்கித் தடுமாறுவதை வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் தமிழிலிருந்து நேரே போனால் அந்தச் சுற்றுவழி தேவையில்லை. பிடித்திருப்பதைச் சொல்வதற்கும் இதே அச்சுதான்: "மே குஸ்தா நாதார்", எனக்கு நீந்தப் பிடிக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டு முழங்கால்களும் வலித்தால் வினையும் பன்மைக்கு மாறி "மே துவேலென் லாஸ் ரொதீயாஸ்" ஆகிவிடும். பேச்சுத் தமிழில் "கால்கள் வலிக்கிறது" என்று சொல்லிப் பழகிய நாம் வழுக்குவது இங்கேதான்.

இரண்டாவது கால அளவு. "யேவோ த்ரேஸ் மேஸெஸ் கொர்ரியெந்தோ" என்றால் மூன்று மாதமாக ஓடி வருகிறேன் என்று பொருள். நம்மைப் போலவே அவர்களும் இதை நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். வழக்கத்தைச் சொல்ல "ஸுவேலோ" என்ற வினையைச் சேர்த்துக்கொண்டால் போதும்: "ஸுவேலோ காமினார் போர் லா மஞானா", காலையில் நடப்பது என் வழக்கம்.

மூன்றாவதில் தமிழ் கைகொடுக்காது. தாகம், பசி, வெப்பம் எல்லாம் நமக்கு "எனக்கு" என்று தொடங்கும்; ஸ்பானிஷில் அவை உடைமைகள், "என்னிடம் தாகம் உண்டு" என்பதுபோல. "தெங்கோ செத்" என்றால் தாகமாக இருக்கிறது, "தெங்கோ காலோர்" என்றால் புழுக்கமாக இருக்கிறது. வியர்த்து நிற்கும்போது அகராதியைப் பார்த்து "எஸ்தோய் காலியெந்தே" என்று சொல்லிவிடாதீர்கள். அது காம வேட்கையைக் குறிக்கும் பேச்சு.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். "ரொதீயா"வின் நடுவில் வரும் தகரம், "அது" என்று சொல்லும்போது நம் நாவில் வருகிற அதே மெல்லிய ஒலிதான். "மஞானா"வின் ஞகரத்துக்கு நம்மிடம் தனி எழுத்தே இருக்கிறது. நாவை உருட்டும் வல்லின ரகரத்துக்கு மட்டும் சற்றுப் பயிற்சி தேவைப்படும்; "கொர்ரேர்" என்பதில் உருட்டாமல் விட்டால் சொல் தெளிவாகக் கேட்காது.

சோளதோசை:

மெக்சிகோ நகரிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்ன இலக்கணத்தில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் வகுப்பில் திணறுபவருக்கு முதலில் வேண்டியது ஏவல் வினைகள் என்பது என் கருத்து. பயிற்றுநர் வகுப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே பத்துப் பன்னிரண்டு கட்டளைகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: இறங்கு, எழு, மூச்சு விடு, தாங்கிப் பிடி, தளர்த்து, முதுகை நிமிர்த்து. இவை காதுக்குப் பழகிவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் குனிய வேண்டியிருக்காது.

காணொளிச் சிக்கலும் இங்கேதான் வருகிறது. பலரைச் சேர்த்துச் சொல்லும்போது நாங்கள் "பாஹென்", "ஸுபான்", "ரெஸ்பீரென்" என்கிறோம். ஸ்பெயினில் அதுவே "பாஹாத்", "ஸுபித்", "ரெஸ்பிராத்" ஆகிவிடும். பேச்சில் பலர் அந்தக் கடைசி ஒலியை மாற்றி வெறுமனே "பாஹார்", "ஸுபிர்" என்றும் சொல்வார்கள். காணொளியில் கேட்டது வகுப்பில் கேட்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பயிற்சிகளின் பெயர்களும் மாறும். பஸ்கிக்கு இரண்டு நாட்டிலும் "செந்ததீயாஸ்" தான். தண்டாலுக்கோ உங்கள் ஊரில் "ஃப்ளெக்ஸியோனெஸ்", எங்கள் ஊரில் "லாகர்தீஹாஸ்", அதாவது பல்லிகள். தரையோடு தரையாக ஏறி இறங்குவதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். கடும் பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலியை ஸ்பெயினில் "அகுஹேத்தாஸ்" என்பார்கள். அதே சொல் இங்கே ஷூ கயிற்றைக் குறிக்கும். எனவே உங்கள் நிலையில் இருப்பவர் ஸ்பெயினில் பதிவான காணொளிகளையே தேடிப் பார்ப்பது நல்லது. இரண்டையும் கலந்தால் தொடக்கத்தில் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்த இழையை மெக்சிகோவிலிருந்து படிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒன்று. 2020 அக்டோபரிலிருந்து இங்கே பொட்டலங்களின் முகப்பில் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரைகள் இருக்கின்றன. "எக்செஸோ அசூகாரெஸ்" என்றால் சர்க்கரை மிகை, "எக்செஸோ சோதியோ" என்றால் உப்பின் சோடியம் மிகை. பேரங்காடியில் ஒரு சுற்று வந்தாலே உணவுச் சொற்களில் ஒரு பகுதி மனத்தில் பதிந்துவிடும்.

வெள்ளைக்கோட்டு:

ஸ்பெயினில் செவிலியராகப் பணிபுரிகிறேன். உடல்நலப் பேச்சு எப்படியும் மருத்துவ நிலையத்துக்கும் வந்து சேரும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். இரத்த அழுத்தத்தை இங்கே "தென்சியோன்" என்பார்கள், ஆகவே "தெங்கோ லா தென்சியோன் ஆல்தா" என்றால் எனக்கு இரத்த அழுத்தம் அதிகம். லத்தீன் அமெரிக்காவில் அதற்கு "ப்ரெசியோன்" வழங்கும். இரத்தப் பரிசோதனைக்கு "அனலீத்திகா" என்று பெயர். "என் ஆயூனாஸ்" வரச் சொன்னால் வெறும் வயிற்றோடு வர வேண்டும். இது புரியாமல் காலை உணவை முடித்துவிட்டு வந்து திரும்பிப் போகிறவர்களை நான் பார்க்கிறேன். "கொன்ஸ்திபாதோ" என்பது ஆங்கிலத்தை நினைவூட்டினாலும் அதற்குச் சளி பிடித்திருப்பது என்றுதான் பொருள். மலச்சிக்கல் என்றால் "எஸ்த்ரெஞீதோ", பெண்ணானால் "எஸ்த்ரெஞீதா". மருந்துக்கடையில் இந்த இரண்டும் இடம் மாறினால் கைக்கு வரும் மருந்தும் மாறும்.

வலென்சியாவில் அறிவிப்புப் பலகைகள் வலென்சிய மொழியிலும் இருக்கும். விளையாட்டு மையத்தின் வாசலில் ஸ்பானிஷ் பாடத்தில் இல்லாத எழுத்துக்கூட்டலைக் கண்டால் நீங்கள் படித்தது தவறு என்று எண்ண வேண்டாம்.

துரியாக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் மையத்தின் பலகையைப் பார்த்து நான் குழம்பியதற்கு விடை இப்போதுதான் கிடைத்தது. பயிற்றுநர் "பாஹார்" என்றுதான் சொல்கிறார். அதை ஏவலாக நான் எண்ணவே இல்லை.

இன்னும் ஓர் ஐயம். ஓட்டக் குழுவினர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டம் முடிந்ததும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். நான் சைவம். "ஸோய் வெஹெதாரியானா" என்று சொல்லியும் சாலட்டில் சூரை மீன் வந்தது. சமையல்காரரைக் கேட்டால் அதில் இறைச்சியே இல்லை என்கிறார். யார் மனமும் நோகாமல் இதை எப்படிக் கேட்பது?

இலக்கணப்பிரியன்:

அவர் பொய் சொல்லவில்லை அம்மா. இங்கே "கார்னே" என்பது ஆடு, மாடு, பன்றி, கோழி வகைகளோடு நின்றுவிடுகிறது. மீன் தனிக் கணக்கு, அதிலும் கலவைச் சாலட்டில் சூரை மீன் வழக்கமாகவே இருக்கும். காய்கறி என்று பட்டியலில் போட்டிருக்கும் பண்டத்தில் பன்றித்தொடைக் கறித் துண்டுகளைத் தூவுவதும் உண்டு. ஆகவே நீங்கள் யார் என்று சொல்வதைவிட, தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பது பலன் தரும். மேலே சொன்ன "யேவோ"வின் மூல வினையே இதற்கும் பயன்படும்: "யேவா அதூன் ஓ ஹமோன்?" இதில் சூரை மீனோ பன்றித்தொடைக் கறியோ சேர்கிறதா என்பது பொருள். இருக்கிறது என்றால் "ஸின் அதூன், போர் ஃபவோர்" என்று சொல்லிவிடுங்கள். மீன் இல்லாமல் கொண்டுவருவார்கள்.

உடன் வருபவர்கள் ஏன் மீன்கூடச் சாப்பிடுவதில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு முன்னரே ஒரு விடையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "நுன்கா எ கொமீதோ கார்னே நி பெஸ்காதோ", நான் ஒருபோதும் இறைச்சியோ மீனோ சாப்பிட்டதில்லை என்றால் பெரும்பாலும் வியந்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த அடுத்த கேள்வி அநேகமாகப் புரதத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்பதாக இருக்கும். பருப்பு, கொண்டைக்கடலை, பயறு எல்லாவற்றையும் சேர்த்து "லெகும்ப்ரெஸ்" என்று சொல்லுங்கள். மத்தியதரைக்கடல் உணவுமுறையில் அவையும் முக்கியமானவை என்பதால், அங்கிருந்து சமையல் குறிப்புகளில் பேச்சு நெடுநேரம் ஓடும்.