பெரிய குறுக்கெழுத்துக் கட்டத்தில் உங்களை விடாமல் துரத்திய குறிப்பு எது?

திண்டுக்கல் வாசகர்:

தீபாவளிக்கு வந்த 21க்கு 21 கட்டத்தை முழுவதும் நிரப்பிய பிறகும் ஒரு குறிப்பு என்னை விடவில்லை. "மதுரையின் முகப்பில் நசுங்கிய தகரம் விலையுயர்ந்த கல்லானது (5)." அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. நெடுக்காக வந்த விடைகளிலிருந்து 'க', 'ம்' இரண்டும் கிடைத்திருந்ததால் மரகதம் என்று உடனே எழுதிவிட்டேன். மீனாட்சியை மரகதவல்லி என்றும் அழைப்பார்கள். ஆகவே மதுரைக்கும் விடைக்கும் பொருத்தம் இருந்தது. தகரத்துக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் விளங்கவில்லை. விடை கையில் இருந்தும் வழி தெரியாமல் இருப்பது, விடையே தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய தொந்தரவு.

எதிர்வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் அந்தத் தாளை வாங்கி, மதுரை என்ற சொல்லில் 'துரை'யைக் கட்டைவிரலால் மூடினாள். 'ம' மட்டும் வெளியே நின்றது. "முகப்புன்னா முன்னாடி இருக்கிற எழுத்துதானே தாத்தா?" என்று கேட்டுவிட்டு, தகரத்தின் நான்கு எழுத்துகளையும் தாளின் ஓரத்தில் தள்ளித் தள்ளி எழுதி, நசுங்கியதால் இடம் மாறின என்று ர, க, த, ம் என அடுக்கிக் காட்டினாள். அந்தக் கட்டைவிரல் இன்றும் என் கண்முன் நிற்கிறது. உங்களுக்கு இப்படி நேர்ந்தது உண்டா?

தஞ்சாவூர் வாசகி:

எனக்கு நேர்ந்தது காதால் நேர்ந்தது. அதே கட்டத்தில் "அக்கா விரித்த பாயில் ஆறு (3)" என்ற குறிப்பை ஆறு பேர், ஆறு முகம், அறுசுவை என்று எண்ணிக்கையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்கெழுத்துப் பக்கமே வராத என் அம்மா அருகில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குறிப்பை அவருக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மாவின் கை நின்றது. "காவிரின்னு வருதேடி" என்றார். கண்ணுக்கு அக்கா வேறு, விரித்த வேறு. காதுக்கு அந்த இடைவெளியே கிடையாது. அக்காவிரித்த என்று ஒரே மூச்சில் கேட்டதால், நடுவில் ஒளிந்திருந்த நதி அவருக்கு முதலில் வந்து சேர்ந்தது. ஒளிந்திருக்கும் சொல் என்று சந்தேகம் வந்தால் இப்போதெல்லாம் குறிப்பை வாய்விட்டுப் படித்துவிடுகிறேன்.

சேலம் வாசகர்:

தஞ்சாவூர் அம்மையாரின் தாயாருக்கு என் வணக்கம். ஆயினும் அந்தக் குறிப்பை நல்ல குறிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. காவிரி 'அக்கா விரித்த' என்பதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அப்படியானால் பாய்க்கு என்ன வேலை? லண்டன் அப்சர்வர் இதழில் சிமெனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த மக்நட் இதற்காகவே 1966ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். பொருள் துல்லியமாக இருக்கவேண்டும், சொல்லைக் கட்டும் வழி நேர்மையாக இருக்கவேண்டும், இவ்விரண்டைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது என்பது அவர் வழிவந்தவர்கள் போற்றும் நெறி. "அக்கா விரித்ததனுள்ளே பாயும் ஆறு" என்று எழுதியிருந்தால் பாயின் நினைவும் போகாது, ஒரு சொல்லும் வீணாகாது.

விளக்கம் எழுதுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். விடையை மட்டும் எழுதி 'எளிது' என்று முடிப்பது விளக்கம் ஆகாது. குறிப்பில் பொருளைத் தரும் பகுதி முதலிலா கடைசியிலா என்று முதலில் காட்டுங்கள். எஞ்சிய சொற்களில் எது எழுத்துகளைத் தரும் சரக்கு, எது அவற்றை என்ன செய்வது என்று சொல்லும் கட்டளை என்று பிரியுங்கள். திண்டுக்கல் நண்பரின் குறிப்பில் தகரம் சரக்கு, நசுங்கிய என்பது கட்டளை. இப்படிப் பிரித்த பின் ஒரு சொல் வேலையின்றி மிஞ்சினால், விடையை மறுபடி சரிபாருங்கள். அதன் பின்னும் மிஞ்சினால் குறிப்பை அமைத்தவரைக் கேளுங்கள்.

என் அனுபவம் சிறியது. "விலங்கின் அருகே துடி, கோவலன் மனம் கவர்ந்தவள் (3)" என்பதில் விலங்கைக் காலில் பூட்டும் தளை என்றும், துடியைப் பறை என்றும் பிடித்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மா என்றாலும் விலங்குதான், துடி என்றாலும் தவிதான் என்று தோன்றிய கணத்தில் மாதவி தானே வந்து கட்டத்தில் அமர்ந்தாள்.

தஞ்சாவூர் வாசகி:

தாங்கள் திருத்திய வடிவம் அழகாகவே இருக்கிறது. ஆனால் பண்டிகை மலரை வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து போடும்போது, ஒரு பாய் கூடுதலாக விரிந்து கிடப்பதை நேர்மைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

கோவை வாசகர்:

தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் மூலம் இந்தப் பழக்கத்துக்கு வந்தவன் நான். பெரிய கட்டத்தில் எனக்குத் துணை புள்ளி எழுத்துகள். நம் கட்டத்தில் மெய்யெழுத்துக்கும் தனி வீடு உண்டு. மெய்யில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால், ஒரு விடை தொடங்கும் வீட்டில் புள்ளி வரவே முடியாது. முடியும் வீட்டில் அடிக்கடி வரும்.

என்னைத் துரத்தியது, "புறத்தே 192ஆம் எண்ணுக்குச் சென்றால் வாசலில் கிடைக்கும் வரவேற்பு (3,2,4,3)." கதவு எண், பேருந்து எண் என்று அலைந்தேன். மேலிருந்து இறங்கிய மூன்று விடைகள், மூன்றாம் வீட்டில் 'ம்', ஒன்பதாம் வீட்டில் 'ம்', பன்னிரண்டாம் வீட்டில் 'ர்' என்று வந்து நின்றன. முதல் சொல்லும் மூன்றாம் சொல்லும் 'ம்' என்று முடிய, கடைசிச் சொல் 'ர்' என்று முடிவதைப் பார்த்ததும் பேனா தானாக ஓடியது: யாதும் ஊரே யாவரும் கேளிர். புறம் என்பது புறநானூறு, 192 என்பது பாட்டின் எண், வாசல் என்பது அதன் முதல் வரி. ஊர் பேர் தெரியாதவரையும் உறவினர் என்று அழைக்கும் வரியை வரவேற்பு என்று சொன்னவரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

சேலம் நண்பரே, இதில் பொருள் ஒருபுறம், சொற்கட்டு மறுபுறம் என்ற பிரிவே இல்லை. குறிப்பு முழுவதும் ஒரே பொருள்தான். சரக்கும் இல்லை, கட்டளையும் இல்லை. தங்கள் நெறிப்படி இதற்கு எப்படி விளக்கம் எழுதுவீர்கள்?