நாற்பது நிமிடத்துக்கு ஒரே ஒரு கணக்கா?

பென்ஷன் மாஷ்:
நேற்று நம் பாலக்காட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளத்திலிருந்து ஒரு டீச்சர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. ஜப்பானில் கணக்கு ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே பாடத்தை வாரக்கணக்கில் தயார் செய்வார்களாம், ஒருவர் நடத்துவாராம், மற்றவர்கள் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்களாம், அப்புறம் கூடிப் பேசித் திருத்துவார்களாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் நம் கிளஸ்டர் கூட்டமும் அப்படி மாற வேண்டுமாம். சரி, மாறட்டும். "ஒரு பீரியடுக்கு ஒரு கணக்கு போதும்" என்று நடுவில் ஒரு வரி இருந்ததே, அதுதான் பொறுக்கவில்லை. நாற்பது நிமிடத்துக்கு ஒரு கணக்கா? முப்பத்தொரு வருடம் யு.பி. பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். பன்னிரண்டு கணக்கு போர்டில் போடாமல் சாக்பீஸைக் கீழே வைத்ததில்லை.

வேலந்தாவளம் டீச்சர்:
அந்த "ஒரு டீச்சர்" நான்தான் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும் மாஷே. அந்தக் கணக்கு என்ன என்று மட்டும் படிக்கவில்லை போல. பல நாட்டுப் பிள்ளைகளின் கணக்கு, அறிவியல் படிப்பை ஒப்பிடும் 1995 டிம்ஸ் (TIMSS) ஆய்வுக்காக எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்தார்கள், ஜெர்மனியில் 100, ஜப்பானில் 50, அமெரிக்காவில் 81. ஒரு ஜப்பான் வகுப்பில் இரண்டு பேருடைய நிலத்துக்கு நடுவே எல்லை முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது, நம் ஊர் வரப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் ஒரு சென்ட்கூடக் குறையாமல் அதை நேராக்க வேண்டும். ஆசிரியர் வழி சொல்வதில்லை, முதலில் பிள்ளைகளே முட்டி மோதிப் பார்க்கிறார்கள். வரப்பின் இரண்டு முனைகளையும் ஒரு கோட்டால் சேர்த்து, மடங்கிய இடத்தின் வழியே அதற்கு இணைகோடு வரைய வேண்டும். அது நிலத்தின் ஓரத்தைத் தொடும் இடத்தையும் எதிர் முனையையும் சேர்த்தால் புது வரப்பு. ஒரே அடிப்பக்கம், ஒரே உயரம், முக்கோணத்தின் பரப்பு மாறாது. இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க நேரம் வேண்டாமா?

பென்ஷன் மாஷ்:
பத்தே நிமிடத்தில் போர்டில் போட்டுக் காட்டுவேன். மீதி முப்பது நிமிடம் என்ன செய்வதாம், பாட்டுப் பாடுவதா? மறுபடியும் கேட்கிறேன், ஒரே ஒரு கணக்கா?

மீனாட்சிபுரம் விவசாயி:
வரப்பை நேராக்குகிறார்களாம்! எங்கள் பக்கத்தில் ஒரு முழம் நகர்ந்ததற்கு அண்ணன் தம்பி பதினாறு வருடமாக முகம் பார்ப்பதில்லை. பரப்பு மாறாதென்றே வைத்துக்கொள்வோம், மூலையில் நிற்கிற தென்னை யாருக்கு?

பொள்ளாச்சிப் பக்கம்:
இதெல்லாம் தமிழ்நாட்டில் எங்கள் குறுவள மைய ஆசிரியர் கூட்டங்களில் எப்போதோ பேசியாயிற்று. கேரளாவில் இப்போதுதான் விழித்திருக்கிறார்கள் போல.

வேலந்தாவளம் டீச்சர்:
உங்கள் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று என் தங்கை சொல்லியிருக்கிறாள் சார். கையெழுத்து, டீ, படிவம். கேரளாவில் தமிழ் வழியில் நடத்தும் எங்களுக்கு வேறு கஷ்டம். கிளஸ்டரில் பேச்செல்லாம் மலையாளத்தில். "சமாந்தரம்" என்று கேட்டுவிட்டு வந்து "இணை" என்று சொல்லித்தர வேண்டும். "பரப்பளவு" மட்டும் இரண்டிலும் ஒன்று, பிழைத்தோம்.

பொள்ளாச்சிப் பக்கம்:
மொழிக்கு அழுகிறீர்கள், ஆழியாற்றுத் தண்ணீரை மட்டும் கணக்காக வாங்கிக்கொள்கிறீர்கள்.

மீனாட்சிபுரம் விவசாயி:
பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பாசனத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று எழுதியிருக்கிறது. தண்ணீரை அளக்கிற மணக்கடவு அணைக்கட்டில் வந்து நின்று அளந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பென்ஷன் மாஷ்:
தண்ணீரை வேறு இடத்தில் பேசுங்கள். டீச்சர் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் ரிட்டையர் ஆகும் வருடம் நான்கு பேர் என் வகுப்பில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டு போனார்கள். அதில் இவரும் ஒருவர். அது கற்றலா, இன்ஸ்பெக்ஷனா?

வேலந்தாவளம் டீச்சர்:
உங்களைப் பார்க்க வரவில்லை மாஷே, பிள்ளைகளைப் பார்க்கத்தான் வந்தோம். என் பக்கத்தில் இருந்த பையன் நீங்கள் வருவதற்கு முன்பே நோட்டில் 1 முதல் 12 வரை நம்பர் போட்டு, இடம் விட்டுக் காத்திருந்தான். நீங்கள் எழுத எழுத நிரப்பினான். ஒன்றைக்கூட அவன் போடவில்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. இதைச் சொல்லலாம் என்றுதான் அன்று சாயங்காலம் உட்கார்ந்தோம், நீங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டீர்கள்.

பென்ஷன் மாஷ்:
கடைசி பஸ் அது! அந்தப் பையன் இன்று பாலிடெக்னிக் முடித்துக் கோவையில் வேலை பார்க்கிறான், விசாரித்துக்கொள்ளுங்கள்.

சும்மா படிப்பவன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அதே வீடியோ வகுப்பில் வரப்புக்கு அப்புறம் இன்னொரு கணக்கும் உண்டு, நாற்கரத்தைப் பரப்பு மாறாமல் முக்கோணமாக்குவது.

பென்ஷன் மாஷ்:
ஆ! இரண்டு! ஜப்பான்காரனே இரண்டு போட்டிருக்கிறான். ஒன்று போதும் என்றது யார்?

வேலந்தாவளம் டீச்சர்:
இரண்டாவது முதலாவதின் குட்டி, அதே இணைகோடு. அப்படியே இரண்டு என்றாலும் பன்னிரண்டு ஆகாது.

பென்ஷன் மாஷ்:
குட்டியோ தாயோ, எண்ணிக்கை இரண்டு. கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரிய வேண்டாமா?

மீனாட்சிபுரம் விவசாயி:
தென்னை?

பென்ஷன் மாஷ்:
நாளைக் காலையில் என் பழைய பாடக்குறிப்பு நோட்டை, நோட்ஸ் ஆஃப் லெசனை, போட்டோ எடுத்துப் போடுகிறேன், ஒவ்வொரு பீரியடுக்கும் பன்னிரண்டு, தேதியோடு. அதற்குள் டீச்சர் ஒன்றா இரண்டா என்று முடிவு செய்து வைக்கட்டும்.