காரைவீட்டுக் குழு: துப்பாக்கி வாங்க வயசு 18ஆ, 21ஆ

*7 மே 2023, ஞாயிறு*

லட்சுமி சித்தி: [வீடியோ] அழகர் ஆத்துல எறங்குனது. நம்ம மணி மண்டகப்படிகிட்ட நின்னு எடுத்தான். எல்லாரும் சேவிச்சுக்கங்க 🙏

பெரியப்பா: செந்தில், டெக்சாஸ்ல ஏதோ மால்ல துப்பாக்கிச் சூடுன்னு டிவில ஓடுது. நீ இருக்கற பக்கமா?

பெரியப்பா: செந்தில்

பெரியப்பா: போன் எடுக்கல

செந்தில்: நல்லா இருக்கோம் பெரியப்பா. வீட்லதான். போன் மாடில சார்ஜ்ல கெடந்துச்சு.

செந்தில்: ஆலன் அவுட்லெட். நம்ம பிளேனோ வீட்லேருந்து கால் மணி நேரம். உங்களுக்கு நடக்கறதுக்கு ஷூ வாங்கினேன்ல, அங்கதான்.

கவிதா: நிலா எங்கடா?

நிலா: இங்கதான் அத்தை. ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டு இருக்கேன். ஒருத்தி மட்டும் இன்னும் பதில் போடல.

நிலா: போட்டுட்டா. தூங்கிட்டாளாம்.

*8 மே 2023, திங்கள்*

பெரியப்பா: எட்டுப் பேருங்கறான். சின்னப் புள்ளைக எல்லாம் இருக்கு. நம்ம ஹைதராபாத் பொண்ணு ஒண்ணும் போயிருச்சாம். ஒரு சட்டம் போட என்னப்பா அவங்களுக்கு? எங்கப்பா ரெட்டைக்குழல் துப்பாக்கி வச்சிருந்தாரு, காட்டுப்பன்னிக்கு. கலெக்டர் ஆபீசுக்கு லைசென்சுக்கு நடையா நடந்தாரு. எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீதோட வருவாரு. ஓட்டு எண்ணி முடிச்சாத்தான் திரும்பத் தருவான்.

அருண்: அப்பா, அங்க அது அரசியல் சாசனத்துலயே இருக்கற உரிமை. இரண்டாவது திருத்தம். கலெக்டர்கிட்ட கேக்கற சமாச்சாரம் இல்ல.

செந்தில்: உரிமை இருந்தா ஒழுங்கு வைக்கக் கூடாதுன்னு இல்லடா. வாங்குறவன் பின்புலத்தப் பாத்துட்டுக் குடுன்னு சொன்னா பத்துக்கு எட்டொம்பது பேரு சரிங்கறாங்க, துப்பாக்கி வச்சிருக்கறவங்களும் சேத்துதான். சட்டம் மட்டும் வராது.

நிலா: எங்க கவர்ன்மென்ட் கிளாஸ்ல படிச்சோம் தாத்தா. 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 குழந்தைங்க, 6 பெரியவங்க செத்தாங்க. அதுக்கப்புறம் 2013 ஏப்ரல்ல மான்ச்சின்னு ஒரு டெமாக்ரட், டூமின்னு ஒரு ரிபப்ளிகன் சேர்ந்து பின்புலச் சோதனைய விரிக்கலாம்னு கொண்டுவந்தாங்க. மேல்சபை செனட்ல ஆதரவு 54, எதிர்ப்பு 46. தோத்துடுச்சு.

பெரியப்பா: 54 பெருசா 46 பெருசா?

அருண்: நம்ம ஊராட்சி மன்றத்துலயே 54 ஜெயிச்சிரும் 😀

நிலா: செனட்ல 60 வேணும் தாத்தா. இல்லன்னா விவாதத்தையே முடிக்க விட மாட்டாங்க.

பிரபு: அதுல டெமாக்ரட்லயே நாலு பேரு எதிர்த்து ஓட்டுப் போட்டாங்கங்கறதையும் கிளாஸ்ல சொன்னாங்களா நிலா? அலாஸ்கா, அர்கன்சா, மொன்டானா, நார்த் டகோட்டா. அவங்க ஊர்ல வீட்டுக்கு வீடு துப்பாக்கி.

நிலா: சொன்னாங்க மாமா. அப்படிப் போட்டும் அலாஸ்காக்காரரும் அர்கன்சாக்காரரும் 2014ல தோத்தாங்கன்னும் சொன்னாங்க.

அருண்: 🔥🔥

கவிதா: இவரு இப்பதான் கடையிலேருந்து வந்தாரு. சாப்பிடாம டைப் அடிக்கிறாரு.

பிரபு: மாமா, நான் துப்பாக்கி வச்சிருக்கறது உங்களுக்குத் தெரியும். கடையில என் நெத்தியில ஒருத்தன் வச்சான். கல்லாவத் தொறந்து குடுத்துட்டு போலீசுக்கு அடிச்சேன். வர இருபத்தஞ்சு நிமிஷம். அடுத்த வாரமே வாங்கிட்டேன்.

பெரியப்பா: தெரியும் மாப்பிள்ளை. உங்களக் குத்தம் சொல்லல.

பிரபு: போன வருசம் இங்க டெக்சாஸ்ல யுவால்டி ஸ்கூல்ல 19 குழந்தைங்க, 2 டீச்சருங்க செத்தப்ப, 376 போலீஸ்காரங்க வந்து நின்னாங்க. உள்ள போக 77 நிமிஷம். இவங்களை நம்பி என் துப்பாக்கியக் குடுன்னா எப்படிக் குடுப்பேன்?

செந்தில்: அத்தான், யாரு உங்களக் குடுக்கச் சொன்னா? யுவால்டி பையன் 18 வயசு முடிஞ்ச கையோட கடைக்குப் போய் ரெண்டு ரைஃபிள் வாங்கிருக்கான். பீர் கேட்டா 21 ஆகட்டும்னு தொரத்துவாங்க. அந்த ஊர்ல புள்ளையப் பறிகுடுத்தவங்க கேக்கறது அந்த ரைஃபிளுக்கும் 21 வைங்கன்னுதான். ஆஸ்டின்ல மாநிலச் சட்டசபையில மசோதா கெடக்கு.

பிரபு: ஆலன்ல சுட்டவனுக்கு வயசு 33 மச்சான்.

செந்தில்: ...

செந்தில்: சரி. அது நெசந்தான்.

*9 மே 2023, செவ்வாய்*

நிலா: அந்த 21 மசோதா கமிட்டில ஜெயிச்சிடுச்சு!!! 8-5. ரெண்டு ரிபப்ளிகன்ஸ் சேர்ந்து போட்டாங்க. ஹார்லெஸ், ஹாலந்து. அந்த அம்மா அப்பாங்க வெளியில "வயச ஏத்து"ன்னு கத்திட்டே இருந்தாங்க. வீடியோ பாத்து அழுதுட்டேன்.

லட்சுமி சித்தி: அழாத கண்ணு. நல்லது நடந்தா விளக்கேத்துறேன்

பெரியப்பா: அப்ப சட்டம் ஆயிருச்சா?

செந்தில்: இல்ல பெரியப்பா. முதல் படி. இன்னிக்கு ராத்திரி 10 மணிக்குள்ள சபையில விவாதிக்கற மசோதாப் பட்டியல்ல ஏத்தணும். ஏத்தலன்னா கதை முடிஞ்சிரும்.

பிரபு: ஏத்த மாட்டாங்க.

நிலா: ஏன் மாமா இப்படி சொல்றீங்க

பிரபு: நான் ரிபப்ளிகன் கட்சிக்கு ஓட்டுப் போடறவன். எனக்குத் தெரியும். ஜான் கார்னின் எங்க செனட்டர், சாதாரண ஆளா? போன வருசம் யுவால்டி முடிஞ்சு டெமாக்ரட் மர்ஃபிகூட உக்காந்து ஒரு துப்பாக்கிச் சட்டத்துக்குப் பேசினாரு. ஜூன்ல இங்க ஹூஸ்டன்லதான் கட்சி மாநாடு. மேடை ஏறினதும் ஊ ஊன்னு கத்தினாங்க, பேசி முடிக்கிற வரைக்கும். சொந்தக் கட்சிக்காரன்!

அருண்: ஆனா அந்தச் சட்டம் வந்துச்சுல்ல?

பிரபு: வந்துச்சு. செனட்ல 65-33, ரிபப்ளிகன் 15 பேரு. 21க்குக் கீழ வாங்குனா பழைய கேசு, மனநல ரெக்கார்டு எல்லாம் தோண்டுவான், பத்து வேலை நாள் வரைக்கும் இழுக்கலாம். நானே அதுல தப்பில்லங்கறேன். யுவால்டி தொகுதி எம்.பி. டோனி கான்சாலஸும் ஆதரிச்சாரு. இந்த மார்ச்ல கட்சி அவர் மேல கண்டனத் தீர்மானம் போட்டிருக்கு. வேற காரணமும் சேத்துச் சொன்னாங்க, ஆனா இதுவும் ஒண்ணு.

பெரியப்பா: செத்தது அவரு தொகுதிப் புள்ளைகதானய்யா. அதுக்குக் கண்டனமா?

பிரபு: ஆமா மாமா.

*10 மே 2023, புதன்*

நிலா: 10 மணி ஆயிடுச்சு.

நிலா: பட்டியல்ல இல்ல.

கவிதா: விடு கண்ணு. தூங்கு. காலையில ஸ்கூல் இருக்குல்ல

பெரியப்பா: சபைக்கு வந்து தோத்தா யாரு எதிர்த்தான்னாவது தெரியும். இது கோப்ப மேஜைக்கு அடியில தள்ளிட்டு வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு. நான் 31 வருசம் தாலுகா ஆபீஸ்ல பாத்த வேலை இது. அவங்க இங்கிலீஸ்ல செய்றான்.

லட்சுமி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லட்சுமி சித்தி: தப்பா குட்மார்னிங் போட்டுட்டேன்

*29 மே 2024, புதன்*

செந்தில்: போன வருசம் 8-5ல ஆதரிச்சாரே ஹாலந்து, ராக்வால்காரரு, ஞாபகம் இருக்கா? நேத்து, கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற உள்கட்சித் தேர்தல் ரெண்டாவது சுத்துல தோத்துட்டாரு.

அருண்: துப்பாக்கி ஓட்டுக்காகவா?

செந்தில்: அது மட்டும் இல்ல. மாநில அட்டர்னி ஜெனரல் பேக்ஸ்டன் மேல பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவா போட்டாரு, தனியார் பள்ளிக்கூடத்துக்கு அரசுப் பணம் தர்ற வவுச்சர எதிர்த்தாரு. துப்பாக்கியையும் சேத்து வச்சு அடிச்சாங்க.

பிரபு: கான்சாலஸ் தப்பிச்சாரு. எதுத்து நின்னவரு துப்பாக்கி வீடியோ போடற யூடியூபர். வித்தியாசம் சுமார் 400 ஓட்டு.

பெரியப்பா: எம்.பி. தொகுதியில 400ஆ? வார்டு எலெக்‌ஷன் மாதிரில்ல இருக்கு

பிரபு: தொகுதியில ஏழரை லட்சம் ஜனம் மாமா. நேத்து ஓட்டுப் போட்டது 30,000 கிட்ட. அவங்கதான் எம்.பி.ய பயமுறுத்துறது. பத்துக்கு ஒம்பது பேரு சரிங்கறான்னு செந்தில் சொல்வான்ல, அந்த ஒம்பது பேரு நேத்து வீட்ல டிவி பாத்துட்டு இருந்தாங்க. துப்பாக்கிக்காக மட்டும் ஓட்டுப் போடறவன் லீவு போட்டுட்டு வந்து நின்னான். நவம்பர் பொதுத் தேர்தலெல்லாம் நெறைய எடத்துல சும்மா சடங்கு.

நிலா: மாமா, மார்ச்ல முதல் சுத்துலதான் என் முதல் ஓட்டு. டெமாக்ரட் ஓட்டுச் சீட்டுதான் வாங்கினேன். அதனால நேத்து உங்க கட்சி ரெண்டாவது சுத்துல போட முடியல. அடுத்த தடவ மார்ச்லயே உங்க கட்சி ஓட்டுச் சீட்டு கேட்டா குடுப்பாங்களா?

பிரபு: குடுப்பாங்க. டெக்சாஸ்ல கட்சிப் பதிவே கெடையாது. மேஜையில எந்தச் சீட்டுன்னு கேப்பாங்க, சொல்லணும், அவ்வளவுதான்.

செந்தில்: நிலா ரிபப்ளிகன் சீட்டா?! எனக்கு கிரீன் கார்டே இன்னும் வரல, வீட்ல இருக்கற ஒரே ஓட்டு இவளுது

நிலா: ஜெயிக்கறது யாருன்னு அங்கதானப்பா முடிவாகுது. ஹாலந்து மாதிரி ஒருத்தர் நின்னா நான் போடறேன்.

பிரபு: எனக்கு எதிரா போடறதுக்கு என் கட்சி வரிசையிலயே நிக்கப் போற. வா வா 😄

கவிதா: ரெண்டு பேருக்கும் சேத்து நான் இட்லி கட்டிக் குடுக்கறேன்

பெரியப்பா: மாப்பிள்ளை, அந்த 21 மசோதா வந்தா நீங்க எதுல போடுவீங்க?

பெரியப்பா: மாப்பிள்ளை?

கவிதா: டைப் அடிக்கிறாரு, அழிக்கிறாரு பெரியப்பா. கடைக்குக் கிளம்பிட்டாரு.