ஆலோசகர் வழி சொல்ல வேண்டுமா, கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா?

தறிக்காரன், பல்லடம்:
விசைத்தறி ஓட்டும் என் தம்பி, கூலி கட்டுப்படியாகாமல் கடனில் விழுந்து, பொங்கலுக்குப் பிறகு தறிக்குடோன் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. தூக்கமில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. மனச்சோர்வு என்று சொன்ன மருத்துவர், மாத்திரையோடு ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். கோவைக்கு அழைத்துப் போகிறேன். அவர் "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கிறார், இவன் பேசுகிறான், நேரம் முடிந்துவிடுகிறது. இப்படிச் செய் என்று ஒரு வார்த்தை கிடையாது. நம் ஊரில் பாகப்பிரிவினைத் தகராறு என்றாலும் பெரியவர்கள் இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டு முடிவாக ஒன்று சொல்வார்கள். கடைசிவரை எதுவும் சொல்லாதவருக்கு எதற்குக் கட்டணம்?

ஆலோசகர், பவானி:
அண்ணா, அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைக்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த வழி அது. அறிவுரை சொல்வதையும் வற்புறுத்துவதையும் பழைய முறைகள் என்று 1942இலேயே ஒதுக்கியவர் அவர். வந்தவரை நிபந்தனையின்றி ஏற்பது, அவர் இடத்திலிருந்து உணர்வது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதிருப்பது ஆகியவற்றை, மனமாற்றத்துக்கு இன்றியமையாதவையாக 1957இல் எழுதினார்.

இந்த முடிவு அவருக்கு அனுபவத்தில் வந்தது. ராசெஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான நிலையத்தில் வேலை பார்த்தபோது, அடங்காத சிறுவன் ஒருவனின் தாயிடம், அவனை அவர் உள்ளூர வெறுப்பதுதான் காரணம் என்று பலமுறை விளக்கிப் பார்த்தார். பலனில்லை. விட்டுவிடலாம் என்று இருவரும் முடிவுசெய்து, அந்தப் பெண் வாசல்வரை போனவர் திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா?" என்று கேட்டார். உட்கார்ந்து தன் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினார். ரோஜர்ஸ் கேட்டுக்கொண்டார். பையனும் தேறினான்.

உங்கள் தம்பிக்குப் புத்தி சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள், பங்காளிகள் இருக்கிறார்கள், மாமனார் வீடு இருக்கிறது. குறுக்கே பேசாமல் கேட்பவர் இந்த ஒருவர்தான்.

ஆசிரியர், நாமக்கல்:
பவானி அம்மா, இதை நான் ஏற்கமாட்டேன். விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இயற்பியல் மாதத்தேர்வில் மதிப்பெண் குறைந்த பையன் "நான் இனி உருப்படமாட்டேன்" என்கிறான். அதை அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த எண்ணம் வேர்விடும். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸும் மனநல மருத்துவர் ஆரன் பெக்கும், அடிமனத்தைத் துருவிப் பார்க்கும் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு வழியில் பயின்றவர்கள். அதில் நிறைவு காணாமல் வெளியே வந்தார்கள். எல்லிஸ் 1955 வாக்கிலும் பெக் 1960களிலும் உருவாக்கிய முறைகளிலிருந்துதான் இன்றைய சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை, வளர்ந்தது. நிகழ்ச்சிக்கும் துயரத்துக்கும் நடுவே ஓர் எண்ணம் நிற்கிறது, அதற்கு ஆதாரம் உண்டா என்று அவனையே சோதிக்க வைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மனச்சோர்வுக்கு அதைவிட எளிய வழியும் உண்டு. மனம் சரியானால் எழுந்து வேலை பார்ப்பேன் என்று காத்திருக்காமல், சிறு வேலையை முதலில் செய்யவைப்பது. தாளில் மூன்று பத்திகள்: நேரம், செய்தது, பத்துக்கு மனநிலை எவ்வளவு. "காலை 7, கட்டிலில் படுத்திருந்தேன், 2. மாலை 5, தறிக்குடோன் வரை நடந்தேன், 4." எழுதியவருக்கே கணக்குப் புரியும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பட்டம் பெற்ற உளவியலாளர்கள் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண ஆலோசகர்கள் இதே வழியை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் செய்தார்கள். 495 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் தெளிவாகத் தேறினார்கள்.

அண்ணா, இன்னொன்று. தம்பி உயிரை வெறுத்துப் பேசினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி இரவு பகலாக உண்டு, தமிழிலும் பேசலாம்.

ஆலோசகர், பவானி:
கடைசியாகச் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. தாள் விஷயத்தில் உண்டு. நம்பிக்கை பிறக்காத இடத்தில் அந்தத் தாள் வெறுந்தாளாகத்தான் திரும்பி வரும். வெவ்வேறு முறைகள் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன, ஆலோசகரின் ஆளுமை போல எல்லாவற்றுக்கும் பொதுவான கூறுகளே காரணமாகலாம் என்று அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வீக் 1936இலேயே எழுதினார். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. கைகழுவிக்கொண்டே இருக்கும் நோய்க்கு நானும் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கமாட்டேன். அழுக்கைத் தொடவைத்து, கழுவாமல் பொறுத்திருக்கப் பழக்கும் சிகிச்சைக்கு அனுப்புவேன். கடனில் மானம் போனதாக நினைத்து ஒடுங்கியவரை அவசரப்படுத்தினால், ஆலோசகரும் கடன்காரர்போலவே தெரிவார்.

அம்மணி, ஆனைமலை:
இருவரும் அந்தத் தம்பி தனிக்கட்டை என்பதுபோலவே பேசுகிறீர்கள். கடனுக்கு அடகுபோனது பெரும்பாலும் மனைவியின் நகையாக இருக்கும், பத்திரம் அப்பா பெயரில் இருக்கும். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரை உடன் தங்கவைத்துச் சிகிச்சை தந்தார். நம் குடும்பங்களை அறிந்து செய்த வேலை அது. மனைவியையும் கூட உட்காரவைத்துப் பேசாமல் இது தீராது.

ஆலோசகர், பவானி:
அக்கா, தம்பி சம்மதித்தால் மட்டும். அவர் அறைக்குள் பேசுவதை வீட்டாரிடம் சொல்லும் உரிமை ஆலோசகருக்கு இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்த இரகசியத்தைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு.

தறிக்காரன், பல்லடம்:
மூவருக்கும் நன்றி. தம்பி மனைவி உடன் வரலாமா என்று அவனிடமே தனியாகக் கேட்கிறேன். ஆனாலும் பவானி அம்மாவிடம் எனக்கு வழக்கு இருக்கிறது. கேட்பதுதான் சிகிச்சை என்றால், எதை நோக்கிப் போகிறோம், எத்தனை மாதம் ஆகலாம், தேறவில்லை என்றால் எப்போது முறையை மாற்றுவார் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வட்டி கட்டுகிற வீட்டில் ஒவ்வொரு வாரமும் கணக்குத்தான். அடுத்த முறை போகும்போது, தம்பியை வைத்துக்கொண்டே இந்த மூன்றையும் அந்த ஆலோசகரிடம் கேட்கப்போகிறேன்.